தொப்பி செய்தவரின் கரங்கள்



திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் கிளமெந்து என்னும் பெயரைக் கேட்டிருப்பீர்கள். திருச்சபையின் நான்காம் பாப்பரசராக எண்ணப்படும் இப்புனிதரை ஐரோப்பாவின் தொப்பித் தொழிலாளர் தங்கள் பாதுகாவலராகக் கொண்டு, நவம்பர் 23-ஆம் நாள் விழா எடுத்தனர். நெடுவழி நடக்கையில் பாதம் புண்ணாகாதிருக்க அவர் மிதியடிக்குள் மயிரை வைத்தாரென்றும், அது வியர்வையில் நனைந்து மிதிபட்டுத் துணிபோல் இறுகிற்றென்றும் ஒரு மரபுக்கதை உண்டு. அதைச் சரித்திரமென்று நான் சாதிக்கமாட்டேன். ஆயினும் தறியில் நெய்யாது, மயிரை நனைத்து அழுத்தியே செய்யும் 'ஃபெல்ட்' துணி பிறக்கும் விதம் ஏறக்குறைய அதுவே.

முற்காலத்தில் ஆண்களின் உயர்ந்த தொப்பிகள் பீவர் என்னும் நீர்வாழ் விலங்கின் மயிரால் செய்யப்பட்டன. அது அரிதாகவே, முயல் மயிரை நாடினர். முயல் மயிரோ எளிதில் ஒன்றோடொன்று பின்னாது. ஆகவே பாதரசத்தை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அதன்மேல் பூசினர். மயிரின் நுனி செம்மஞ்சளாகும். மேற்புறம் சொரசொரப்பாகிப் பின்னிக்கொள்ளும். பின்னர் அதை வெந்நீரிலும் நீராவியிலும் இட்டு உருவாக்கும்போது, காற்றோட்டமற்ற அறைகளில் பாதரச ஆவி எழுந்தது. அதையே தொழிலாளர் நாள் முழுதும் சுவாசித்தனர்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள டான்பரி, தொப்பி நகரம் என்றே பெயர் பெற்ற ஊர். அத்தொழிலாளரின் கைநடுக்கத்திற்கும் 'டான்பரி நடுக்கம்' என்று ஊரின் பெயரையே இட்டனர். உணவு வாய்க்குச் சேருமுன் சிந்தும், பற்கள் ஆடும், எச்சில் வழியும். கலகலப்பாயிருந்த தகப்பன் கூச்சமும் சிடுசிடுப்பும் கொண்டவனாவான். விவரமறியாதவர் அவனைக் குடிகாரனென்றே எண்ணியிருப்பர்! தம் இல்லத்தாரின் உணவுக்காக உழைத்த கரங்கள் அவை.

1860-இலேயே நியூஜெர்சி மாநில மருத்துவர் ஃபிரீமன் இந்நோயை விவரித்து எழுதினார். ஆனால் அமெரிக்கத் தொப்பித் தொழிலில் பாதரசம் விலக்கப்பட்டது 1941 டிசம்பர் முதல் நாளில்தான். இடையே 81 ஆண்டுகள்! மாற்று மருந்துகள் அதற்குமுன்பே இருந்தன. உலகப்போரில் வெடிபொருள்களுக்குப் பாதரசம் வேண்டியிருந்ததும் இம்முடிவுக்கு ஒரு காரணம் என்று அறியும்போது மனம் கசக்கிறது.

டான்பரியின் ஆற்றுச் சேற்றில் இன்றும் பாதரசம் இருக்கிறது. அக்காலத் தொப்பிகள் சிலவற்றிலும் அது தங்கியிருப்பதால், அருங்காட்சியகப் பணியாளர் கையுறை அணிந்தே அவற்றை எடுக்கின்றனர்.