இடுகாட்டில் காடு எங்கே?

தமிழன் தன் முன்னோரை இட்ட இடத்தை இடுகாடு என்றான். சுட்ட இடத்தைச் சுடுகாடு என்றான். இரண்டிலும் காடு உண்டு. வடவரின் ‘சுமசானம்’ சிதைந்து ‘மயானம்’ என நம்மிடை நுழைந்தது. அச்சொல்லில் காடு இல்லை. இன்று பலகைகளில் ஏறி அமர்ந்திருப்பது அதுவே. பெயரினின்று காடு போயிற்று, நிலத்தினின்றும் போய்க்கொண்டிருக்கிறது!

சாத்தனார் காலத்தில் இந்நிலை இல்லை. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையைப் பாருங்கள். (தலைப்பு வடசொல், உள்ளே இருப்பது தமிழ் நிலம்.) புகார் நகரத்துச் சுடுகாட்டில் வாகைக்கு ஒரு மன்றம், விளாவுக்கு ஒரு மன்றம், வன்னிக்கு ஒன்று, இலந்தைக்கு ஒன்று! தான்றியும் கள்ளியும் சூரையும் தனித்தனியே பெயர் பெறுகின்றன. கூகையின் குரல் வேறு, குராலின் குரல் வேறு, ஆண்டலையின் குரல் வேறு எனக் காட்டுகிறார் புலவர். சுடுதல், வாளா இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த இடத்தில் அடைத்தல், தாழியிற் கவித்தல் என ஐவகை முறைகளையும் சொல்கிறார். நிலைத்திணையும் உயிரினமும் மாந்தர் வரலாறும் ஒரே நிலத்தில் ஒருங்கே பதிவாயின. இன்று நம் பட்டம் பெற்றோருள் எத்துணைப் பேர் வன்னியை இனங்காண்பர்?

தாழி புலவர் கற்பனையன்று. புதுவை வட்டாரத்துச் சுத்துக்கேணியிலும் முத்திரப்பாளையத்திலும் ஈமக்காடுகளை அகழ்ந்து, 1956-இல் நூலாக்கியவர்கள் கசால் என்னும் பிரெஞ்சு இணையர். தாழிகளோடு பொன்னணிகளும் கிடைத்தன. அந்நூல் வெளியானது பிரெஞ்சில்! அரியூர்ப் பிள்ளைக்கு எகிப்தியரின் கூர்ங்கோபுரம் தெரியும், சுத்துக்கேணி தெரியாது. தெரிவிக்க வேண்டிய நாம் என் செய்தோம்? ஆதிச்சநல்லூரை 1876-இல் தோண்டிய செருமானியர் யாகோர், கண்டெடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு போனார். அயலான் வந்து தோண்டும்வரை நம் காலடியில் என்ன உள்ளது என்பதே நமக்குத் தெரிவதில்லை. முதுமக்கள் தாழியை ‘மதமதக்கத் தாழி’ எனக் கல்லாத உழவர் தம் நாவில் காத்தனர். கற்றவரோ ‘மெகாலித்திக்’ என்று முழங்குகின்றனர்.

‘தூய்மைப்பணி’ என்று மண்வாரிப் பொறி வருகிறது. சீமைக் கருவேலை அகற்றுவது நன்றே. அஃது அமெரிக்க நிலத்தினின்று வந்தேறியது. ஆனால் அதனோடு நொச்சியும் ஆவிரையும் இலந்தையும் முதுபனையும் சாய்கின்றன. பனைப்பொந்திலிருந்த கூகையும் இடம் இழக்கிறது. நெல்வயலில் எலியைத் தின்று உழவனைக் காப்பது அப்பறவை. அதனைச் ‘சாக்குருவி’ என்று கல்லால் அடிக்கும் மடமைக்கு என்ன மருந்து? எதிலும் ஆங்கிலேயனைப் பார்த்தொழுகுவோர், அவன் தன் சிற்றூர்க் கல்லறைத் தோட்டங்களில் யூ மரங்களை அகவை கணித்துப் பேணுவதை மட்டும் பாராதது ஏனோ!

இறந்த பின்னும் சாதிக்கொரு காடு பிரித்த இழிவையும் இங்கேயே சொல்ல வேண்டும். தாழிக்குள் இருந்தவன் என்ன சாதி என்று எவன் சொல்வான்?

1954-இல் பிரெஞ்சு ஆட்சி அகன்றும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்று இருமொழிக் கடனில் வழங்கும் நம் ஊராட்சிகளை நோக்கிக் கேட்கிறோம்: பலகைகளில் இடுகாடு, சுடுகாடு என்றே எழுதுக. பொறியை இறக்குமுன் உள்ள மரங்களைக் கணக்கெடுக்க. தாழியோடு தென்பட்டால் தோண்டுதலை நிறுத்துக. தமிழாசிரியர்களே, ஒரு விடுமுறை நாளில் மாணவரை அழைத்துச் செல்லுங்கள். வெட்டியானையும் குயவரையும் உடன் அழையுங்கள். ஒவ்வொரு மரத்துக்கும் புள்ளுக்கும் அவர்கள் சொல்லும் பெயரை, அவர்கள் சொன்னபடியே எழுதி வையுங்கள்.