அம்மா போகலாமா என்று கேட்டார்கள், பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை

படுவான்கரைக்குக் களவேலைக்குப் போனபோது எங்களிடம் நல்லதொரு வினாக்கொத்து இருந்தது. இரண்டாவது வீட்டிலேயே அதை மடித்து வைத்துவிட்டோம். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் யாருடைய பெயரை எழுதுவது? வீட்டில் இருந்தது ஒரு அம்மம்மாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும். அம்மா குவைத்தில். அப்பா? "இருக்கார், ஆனா இல்ல" என்றா அம்மம்மா. மூத்தவளுக்கு 13 வயது. பள்ளிக்கூட நாள்தான், ஆனால் அவள் வீட்டில் நின்றாள். தம்பிக்குக் காய்ச்சல், அம்மம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. வேற ஆர் பாக்கிறது?

பிள்ளைகளைப் பார்க்க ஒபிசில் இருந்து யாராவது வருவார்களா என்று கேட்டோம். அவ உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தா. அதற்குள் மகளுடைய குடும்பப் பின்னணி அறிக்கையின் போட்டோ பிரதி. "மகள் போறதுக்கு முதல் வந்தாங்க மனே. வீட்டப் பாத்தாங்க, என்னட்டக் கேட்டாங்க, நான் கையெழுத்து வச்சன். அதுக்குப் பிறகு ஏன் வரப்போறாங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறோம். எங்கள் குழுவில் மூன்று பேரை அம்மம்மாதான் வளர்த்தா. எனவே இதை வெளியில் நின்று எழுதவில்லை.

குடும்பப் பின்னணி அறிக்கை 2013இல் வந்தது. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்ணுக்கு 5 வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் போக முடியாது. அதற்கு மேல் என்றால், பிள்ளையைப் பார்க்க ஆள் இருக்கிறது என்று காட்ட வேண்டும். ஜீஎஸ் கையெழுத்து, பிரதேச செயலகத்தில் கையெழுத்து. நோக்கம் பிள்ளையின் பாதுகாப்பு. கட்டாருக்கு மேசன் வேலைக்குப் போகும் அப்பாவிடம் இப்படி ஒரு அறிக்கையை யாரும் கேட்பதில்லை. பிள்ளை அம்மாவுக்கு மட்டும் பிறந்தது போல.

அந்த வருடம் ஜனவரியில்தான் மூதூர் ரிசானா நபீக்குக்கு சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாடே கொதித்தது. சில மாதங்களில் இந்த அறிக்கை வந்தது. ஆனால் ரிசானா பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய் இல்லை. கடவுச்சீட்டில் வயதைக் கூட்டிக் காட்டி, 17 வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட ஒரு பிள்ளை. பிள்ளையை ஏற்றுமதி செய்த முகவர் முறையில் இருந்த ஓட்டைக்கு, தாய்மாரிடம் கையெழுத்து வாங்குவது எப்படி விடையாகும் என்று எங்களுக்கு இன்றும் விளங்கவில்லை.

பிறகு 2022. டொலர் இல்லை, பெற்றோல் வரிசை, பால்மா வரிசை. அந்த ஜூன் மாதம் 5 வயது எல்லையை 2ஆகக் குறைக்க அமைச்சரவை அங்கீகாரம் கொடுத்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மா தேவையா இல்லையா என்பதை ஒன்பது வருடத்தில் எந்த ஆராய்ச்சி மாற்றியது? டொலர்தான் மாற்றியது. தாய்மார் போகக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. லோன்காரன் வாசலில் நிற்கும்போது போகாதே என்று சொல்ல நாங்கள் யார்? அவ போன பிறகு பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதுதான் எங்கள் கேள்வி.

கடதாசியில் பார்த்தால் பொறுப்பாளர்களுக்குக் குறைவே இல்லை. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். அவர் மத்திய அரசின் ஆள். 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்குத் தனி உத்தியோகத்தர். பிள்ளையை நீதிமன்றத்துக்கோ இல்லத்துக்கோ கொண்டுபோகும் விசயம் நன்னடத்தை உத்தியோகத்தருடையது, அவர் மாகாணத் திணைக்களத்தின் ஆள். பொலிசில் சிறுவர், பெண்கள் பணியகம் வேறு. இவ்வளவு பேரில் யாரிடம் போவது என்று அந்த அம்மம்மாவுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால், பட்டப்படிப்பு படிக்கும் எங்களுக்கே இதைப் பிரித்து விளங்க இரண்டு நாள் எடுத்தது.

மாகாணம் என்றவுடன் இன்னொரு சங்கடம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை, ஆளுநர்தான். எங்கள் பிள்ளைகளின் நன்னடத்தைத் திணைக்களத்தைப் பற்றிச் சபையில் எழும்பிக் கேள்வி கேட்க நாங்கள் தெரிவுசெய்த ஒருவரும் இல்லை. 2025இல் உள்ளூராட்சித் தேர்தல் நடந்ததே என்பீர்கள். எங்கள் கைக்கு வந்த நோட்டீசுகளில் வீதி இருந்தது, மின்விளக்கு இருந்தது. பிள்ளை என்ற சொல் ஒன்றிலும் இல்லை.

நாங்கள் சந்தித்த ஒரு உத்தியோகத்தர் கோபப்படாமல் சொன்னார்: "தம்பி, தங்கச்சி, இத்தனை ஜீஎஸ் பிரிவுக்கும் நான் ஒரு ஆள். சம்பவம் நடந்தா ஓடுறன். நடக்காத வீட்டுக்குப் போக எனக்கு நாள் இல்ல." அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அவர் சொன்னதன் அர்த்தம் என்ன? பிள்ளைக்கு ஏதாவது நடந்தால்தான் அது அவருடைய பிள்ளை. 1929 இலக்கமும் அப்படித்தான். நல்ல சேவை, இலவசம், தமிழிலும் பேசலாம். ஆனால் பள்ளிக்கூடம் போகாமல் தம்பிக்குக் கஞ்சி காய்ச்சும் பிள்ளை 1929க்கு எடுத்து என்ன சொல்லுவாள்?

அம்மம்மா படுக்கையில் விழுந்தால் அடுத்த வழி சிறுவர் இல்லம். போரும் 2004 சுனாமியும் எங்கள் மாவட்டத்தில் இல்லங்களைப் பெருக்கின. அப்போது அவை தேவைப்பட்டன. இன்று அங்கே இருக்கும் எல்லாப் பிள்ளைகளும் தாய் தகப்பன் இல்லாதவர்கள் அல்ல. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக்கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல் சொல்கிறது. இல்லத்தில் பிள்ளையை வைத்திருக்கவும் காசு செலவாகத்தான் செய்யும். அதில் ஒரு பங்கை அந்த அம்மம்மாவின் கையில் கொடுத்தால் என்ன? கண் ஒப்பரேசனுக்கு ஆஸ்பத்திரி போய்வரும் நாட்களில் பிள்ளைகளோடு நிற்க ஒரு ஆளை ஒழுங்கு செய்தால் என்ன?

அறிக்கையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது இப்போது தாய்க்குப் போடும் கடவை. அதைப் பிள்ளையின் கோப்பாக மாற்றுங்கள் என்கிறோம். தாய் விமானம் ஏறும் நாளில் அதன் ஒரு பிரதி பாடசாலை அதிபருக்குப் போகட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்த் திகதி போட்டு எழுதட்டும். அப்பா வெளிநாடு போனாலும் இதே கோப்பு திறக்கட்டும்.

இதை ஒரு பக்கக் கடிதமாக எழுதி அந்தப் பிரதேச செயலகத்தில் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. கிடைத்தது என்று முத்திரை குத்தித் தந்தார்கள். போன கிழமை திரும்பவும் அந்த வீட்டுக்குப் போனோம். தம்பிக்குக் காய்ச்சல் சுகம். அக்கா அன்றும் வீட்டில்தான் நின்றாள், இந்த முறை அம்மம்மாவுக்குச் சுகமில்லை. பதில் வந்தால் இங்கேயே போடுகிறோம்.