கெட்டியா இருந்தா நல்ல ஆயிலா?

எங்க ஊர் பேரு இரும்பை. திண்டிவனத்துல இருந்து பாண்டிச்சேரி போற ரோட்டை விட்டு கொஞ்சம் உள்ளே, ஆரோவில்லுக்குப் பக்கத்துல இருக்கு. பேர்லயே இரும்பை வச்சிருக்கிற நாங்க, இன்ஜின்ங்கிற இரும்பை நடத்துற லட்சணத்தைப் பத்திதான் இன்னைக்குப் புலம்பப் போறேன்.

என் சித்தப்பா 2012 மாடல் பெட்ரோல் கார் ஒண்ணை செகண்ட் ஹேண்டுல வாங்கி வாடகைக்கு ஓட்டுறார். குடும்பத்துக்குச் சோறு போடுறதே அதுதான். போன மாசம் ஆயில் மாத்தப் போனப்போ நானும் கூடப் போனேன். காரோட புத்தகத்துல 5டபிள்யூ-30ன்னு தெளிவா இருக்கு. மெக்கானிக் எடுத்தது 20டபிள்யூ-50. "அண்ணே, புக்ல வேற போட்டிருக்கே"ன்னேன். "தம்பி, அதெல்லாம் ஜப்பான்காரன் குளிருக்கு எழுதினது. நம்ம ஊர் வெயிலுக்கு அந்தத் தண்ணி ஆயில் தாங்காது"ன்னு சிரிச்சார். சித்தப்பாவும், "நீ சும்மா இருடா, அவருக்குத் தெரியாததா?"ன்னுட்டார்.

நண்பர்களே, இந்த 'வெயில்' கதையை நீங்களும் கேட்டிருப்பீங்க. அது தப்பு. ஏன்னு சொல்றேன்.

இன்ஜினுக்குள்ள தெர்மோஸ்டாட்னு ஒரு வால்வு இருக்கு. கூலன்ட் தண்ணி ஏறக்குறைய 80-90 டிகிரியில நிக்குற மாதிரி அது பார்த்துக்கும். கொஞ்ச தூரம் ஓடினதும் ஆயிலும் 100 டிகிரியை ஒட்டி வந்துடும். வெளியே மார்கழிப் பனியோ கத்திரி வெயிலோ, உள்ளே பெரிய வித்தியாசம் இல்ல. அதனாலதான் ரெண்டாவது நம்பரை 100 டிகிரியில அளக்கிறாங்க. எஸ்ஏஇ கணக்குப்படி அந்தச் சூட்டுல 30ம் நம்பர் ஆயில் 9.3ல இருந்து 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள்ள இருக்கணும். 40ன்னா 12.5ல இருந்து 16.3க்குள்ள. டிசைன் பண்ணினவன் பேரிங் இடைவெளி, பம்ப் எல்லாத்தையும் இந்த அளவை வச்சுத்தான் கணக்குப் போட்டிருக்கான்.

முதல் நம்பருக்குப் பக்கத்துல இருக்கிற 'டபிள்யூ' வின்டர், அதாவது குளிர்காலம். "நமக்கு ஏதுய்யா குளிர்?"னு கேட்பீங்க. 100 டிகிரிக்குப் பழகின இன்ஜினுக்கு நம்ம ஊர் காலை நேர 28 டிகிரியே குளிர்தான். அப்போ எந்த ஆயிலும் சூட்டுல இருக்கிறதை விடப் பல மடங்கு கெட்டி. அதுலயும் 20டபிள்யூ-50 இன்னும் கெட்டி. ஸ்டார்ட் பண்ணினதும் மேல இருக்கிற கேம் ஷாஃப்ட் வரைக்கும் ஆயில் ஏறணும். வால்வு டைமிங்கை மாத்துற விவிடி இருக்கிற வண்டின்னா அதுவே ஆயில் பிரஷர்லதான் வேலை செய்யுது. தாமதம் ஆச்சுன்னா இரும்போட இரும்பு உரசும்.

அப்போ மெக்கானிக் சொன்னது முழுப் பொய்யா? இல்ல. அம்பாசிடர் காலத்துல கெட்டி ஆயில் சரிதான், அந்த இன்ஜின் அப்படி. ஆனா 1998ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து சான்ட்ரோ வெளியே வந்தாச்சு. 2014ல அம்பாசிடர் உற்பத்தியே நின்னுபோச்சு. இன்ஜின் மாறிடுச்சு, பழக்கம் மாறல. அவருக்கு யாரும் கூப்பிட்டு வச்சு சொல்லிக் கொடுக்கவும் இல்ல. என் கோபம் அவர் மேல மட்டும் இல்ல, புத்தகத்தை டேஷ்போர்டுக்குள்ள பூட்டி வச்சுட்டு, கேட்கிறவனை வாயடைக்கிற நம்ம மேலயும்தான்.

இன்னொரு வாதம்: "பழைய வண்டி புகை அடிக்குது, கெட்டியா ஊத்தினா குறையும்." குறையலாம். அது வைத்தியம் இல்ல, வலி மாத்திரை. தேய்ஞ்ச ரிங்கு தேய்ஞ்சபடியேதான் இருக்கும்.

நம்பர் மட்டும் பத்தாது, எழுத்தையும் பாருங்க. ஏபிஐ தரத்துல 'எஸ்'னு ஆரம்பிச்சா பெட்ரோல், 'சி'ன்னா டீசல். எஸ்என் 2010ல வந்தது, எஸ்பி 2020ல வந்தது. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகு டீசல் கார்கள்ல புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர் வருது. அதுக்குச் சாம்பல் குறைஞ்ச ஆயில்தான் ஊத்தணும். ஆயில்ல இருந்து வர்ற சாம்பல் எரியாது, ஃபில்டரை அடைச்சுடும். பைக் வச்சிருக்கிற நம்ம பசங்களுக்கு: கார் ஆயில் மிச்சம் இருக்குன்னு பைக்குல ஊத்தாதீங்க. பைக் கிளட்ச் ஆயில்லயே ஊறுது, வழுக்கும். கேன்ல 'ஜாசோ எம்ஏ'ன்னு இருக்கான்னு பாருங்க.

விலை கூடினதுதான் நல்லதுன்னு நான் சொல்லல. புத்தகத்துல சொன்ன நம்பரும் தரமும் இருந்தா சாதா ஆயிலே போதும். சில கார் புத்தகத்துல வெயில் ஊருக்குக் கெட்டி ஆயிலும் போடலாம்னு அட்டவணையே இருக்கும். இருந்தா தாராளமா ஊத்துங்க. நான் கேட்கிறது ஒண்ணே ஒண்ணு, அந்தப் பக்கத்தைப் பார்த்துட்டு ஊத்துங்க. சீல் உடைக்காத கேனை நீங்களே வாங்கிட்டுப் போங்க. பில்லுல வெறும் 'ஆயில்'னு எழுத விடாதீங்க, நம்பரோட எழுதச் சொல்லுங்க.

தப்பான ஆயிலால இன்ஜின் நாளைக்கே சீஸ் ஆகிடாது. அதனாலதான் இந்தத் தப்பு இத்தனை வருஷமா மாட்டாம இருக்கு. சித்தப்பா வண்டி காலையில ஸ்டார்ட் பண்ணினா கடகடன்னு சத்தம் போட ஆரம்பிச்சுது. மைலேஜும் குறையுதுன்னார். மூணாவது வாரம் அவரே புத்தகத்தை எடுத்து என்கிட்ட நீட்டினார். 20டபிள்யூ-50ஐ வடிச்சுட்டு 5டபிள்யூ-30 ஊத்தினோம். சத்தம் நின்னுது. ஆனா ஒரு சென்னை ட்ரிப் சம்பாத்தியம் ரெண்டாவது ஆயிலுக்கே போயிடுச்சு.

அந்தப் பக்கத்தைப் படிக்க அவருக்கு ஆன நேரம் ஒரு நிமிஷம். :-)