மைதானத்தில் மாயக்காரர்... பெஞ்சில் கறார்க்காரர்! - சிங்கப்பூர் சுந்தரமூர்த்தியின் கதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் டீக்கடையில் பத்து நிமிடம் நின்றால் போதும், இந்தக் கதை காதில் விழும். லேத் மெஷினில் கை வைத்தால் அளவு பிசகாத ஆபரேட்டர் ஒருவர் இருப்பார். 'இவ்வளவு வேலை தெரிஞ்ச ஆளாச்சே' என்று அவரை சூப்பர்வைசர் ஆக்குவார்கள். ஆறே மாதத்தில் அவருக்கும் நிம்மதி போய்விடும், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்களுக்கும் போய்விடும்.

கால்பந்து உலகில் இந்தக் கதைக்குப் பொருத்தமான ஒரு தமிழர் இருக்கிறார். சிங்கப்பூரின் வரதராஜு சுந்தரமூர்த்தி. திருவள்ளூர் பக்கமிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள் யாராவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். அங்கே ஐம்பது வயதைத் தாண்டிய டாக்ஸி டிரைவர்களிடம் 'சுந்தரம்' என்றால் போதும், இறங்கும் இடம் வரும்வரை பேச்சு நிற்காது.

1965 அக்டோபரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே, 1983-ல் சிங்கப்பூர் அணியின் சட்டையை அணிந்துவிட்டார். அப்போது அந்த நாட்டின் பெரிய நட்சத்திரம் ஃபாண்டி அகமது. நெதர்லாந்தின் குரோனிங்கன் கிளப்புக்குப் போய், இத்தாலியின் இன்டர் மிலான் அணிக்கு எதிராகவே கோல் அடித்தவர். சுந்தரத்தின் வழி வேறு. பந்தைக் காலில் ஒட்டவைத்துக்கொண்டு இடமும் வலமுமாகப் போக்குக் காட்டி, எதிரணியின் தடுப்பு வீரரைத் தன் நிழலையே துரத்தவிடுவார். கண்களைக் கூச வைப்பவர் என்ற பொருளில் ரசிகர்கள் அவருக்கு வைத்த பெயர் 'டேஸ்லர்'.

மலேசியாவின் கெடா அணிக்கு ஆடினார். 1989-ல் சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப்புக்கும் போனார். பாசெல் அப்போது இரண்டாம் டிவிஷனில் இருந்தது. அங்கே அவர் நிலைக்கவில்லை, சீக்கிரமே திரும்பிவிட்டார். என்றாலும், அந்தக் காலத்தில் ஓர் ஆசிய வீரருக்கு ஐரோப்பாவில் கதவு திறந்ததே பெரிய விஷயம்.

1993-ல் நடந்ததுதான் இன்றுவரை பேசப்படுகிறது. புருனேவுக்கு எதிரான ஆட்டம். காலாங்கில் 55,000 பேர் உட்காரக்கூடிய பழைய நேஷனல் ஸ்டேடியம். கோலுக்கு முதுகைக் காட்டியபடி அந்தரத்தில் எழும்பி, தலைக்கு மேல் பந்தை உதைத்தார் சுந்தரம். பைசிக்கிள் கிக். சிங்கப்பூர் கால்பந்தின் மிக அழகான கோல் எது என்று கேட்டால், பலரும் முதலில் சொல்வது இதைத்தான்.

அடுத்த வருடமே அவருக்கு அணியில் இடமில்லை! 1994-ல் பயிற்சியாளராக இருந்த இங்கிலாந்துக்காரர் டக்ளஸ் மூர், சுந்தரத்தை எடுக்கவில்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால் நடந்தது என்ன? அவர் இல்லாத அந்த அணி மலேசிய லீக்கையும் வென்றது, மலேசியக் கோப்பையையும் வென்றது. இறுதிப் போட்டியில் பகாங்கை 4-0 என்று நொறுக்கியது. ஃபாண்டி உட்பட அந்த அணியில் ஆடிய அத்தனை பேரும் இன்றும் அங்கே நாயகர்கள். அந்தப் பட்டியலில் சுந்தரம் இல்லை.

ஒரு பெரிய வீரருக்கு இதைவிட வலி என்ன இருக்கும்? நீ வேண்டாம் என்று சொன்னதோடு விடவில்லை, நீ இல்லாமலே ஜெயித்தும் காட்டிவிட்டார்கள். பிற்காலத்தில் அவர் எப்படிப்பட்ட பயிற்சியாளர் ஆனார் என்பதைப் பார்க்கும்போது, 1994 அவருக்குள் ஏதோ ஒரு கணக்கை மாற்றியிருக்குமோ என்று தோன்றுகிறது. இது ஊகம்தான்.

1996-ல் சிங்கப்பூர் சொந்தமாக எஸ்-லீக் தொடங்கியது. உட்லண்ட்ஸ் வெலிங்டனுக்கு ஆடினார். பிறகு ஜூரோங் அணியில் வீரராகவும் பயிற்சியாளராகவும் இரட்டை வேலை. அங்கிருந்து மெல்ல மெல்லப் பெஞ்சுக்கு நகர்ந்தார்.

2012-ல் சிங்கப்பூர் மீண்டும் மலேசிய லீக்கில் ஆட, 'லயன்ஸ் 12' என்ற அணியை உருவாக்கி அவரிடம் கொடுத்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். முதல் வருடம் இரண்டாமிடம். 2013-ல் சாம்பியன்! எந்த மேடையிலிருந்து அவரை விலக்கினார்களோ, அதே மலேசிய லீக் பட்டம் 19 வருடம் கழித்து அவர் கைக்கு வந்தது. ஆனால் அந்த அணி ஆடிய ஆட்டத்தில் ஜாலம் குறைவு. கட்டுக்கோப்பு, ஓட்டம், முதலில் கோல் வாங்காமல் இருப்பது... இதுதான் பாணி. ஜெயிக்கும்வரை யாரும் குறை சொல்லவில்லை.

2016 மே மாதம் ஜெர்மானியர் பெர்ண்ட் ஸ்டாங்கேவுக்குப் பிறகு தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனார். அங்கேதான் சிக்கல். அந்த நவம்பரில் பிலிப்பைன்ஸில் சுஸுகி கோப்பையின் குரூப் ஆட்டங்கள். பிலிப்பைன்ஸுடன் 0-0. தாய்லாந்தை ஏறக்குறைய கடைசிவரை தடுத்து நிறுத்தி, 89-வது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கித் தோல்வி. இந்தோனேசியாவிடம் 1-2. மூன்று ஆட்டங்களில் ஒரே ஒரு கோலோடு பெட்டியைக் கட்டினார்கள். ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று இன்னும் மோசம். பஹ்ரைன், துர்க்மெனிஸ்தான், சீன தைபே இருந்த பிரிவில் ஆறு ஆட்டங்கள், ஒரு வெற்றிகூட இல்லை.

தோல்விகூட ரசிகர்களுக்குப் பெரிய குறையில்லை. 'சுந்தரத்தின் அணியா இப்படித் தடுத்துத் தடுத்து ஆடுகிறது?' என்பதுதான் அவர்கள் ஆதங்கம். அது நியாயமா? 55,000 பேரை எழுந்து நிற்க வைத்த ஒருவரிடம் அதே விருந்தை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. விருந்து சமைக்கச் சரக்கு வேண்டும். அவர் கையில் இருந்த அணியில் இன்னொரு சுந்தரமூர்த்தி இல்லை. இருப்பதைக் கொண்டு ஓட்டைகளை அடைக்கத்தான் பார்த்தார். அப்படியே ஒரு இளம் சுந்தரம் கிடைத்திருந்தால்? ஆட விட்டிருப்பாரா, இல்லை டக்ளஸ் மூர் மாதிரி வெளியே உட்கார வைத்திருப்பாரா? சுவாரஸ்யமான கேள்வி அது.

2018 மார்ச்சில் சீன தைபேயிடம் 0-1 தோல்வி. அடுத்த மாதம் பதவியிலிருந்து விலகினார். அந்த நாற்காலிக்கு வந்தவர் வேறு யாருமில்லை, ஃபாண்டி அகமது. ரசிகர்கள் உற்சாகமானார்கள். அந்த ஆண்டு இறுதியில் நடந்த சுஸுகி கோப்பையில் ஃபாண்டியின் அணி இந்தோனேசியாவை வென்றது, பிலிப்பைன்ஸிடமும் தாய்லாந்திடமும் தோற்றது, சுந்தரத்தின் அணியைப் போலவே முதல் சுற்றோடு வீடு திரும்பியது.