25 கட்டங்களும் 12 போயாக்களும்

பிங்கோ அட்டையில் எண்களுக்குப் பதிலாக நூல்வகைகளை எழுதிவிட்டால் அது வாசிப்புப் பந்தயமாகிவிடும். ஐந்துக்கு ஐந்தாக 25 கட்டங்கள். ஒன்றில் 'பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்', அடுத்ததில் 'மொழிபெயர்ப்பு', இன்னொன்றில் 'பெண் எழுதியது'. படித்து முடித்ததும் கட்டத்தில் ஒரு கீறல். நேராகவோ குறுக்காகவோ மூலைக்கு மூலையாகவோ ஐந்து சேர்ந்தால் வெற்றி. அமெரிக்காவின் சியாற்றில் நகரப் பொது நூலகம் கோடை விடுமுறையில் பெரியவர்களுக்கென்றே இப்படி ஓர் அட்டையை வெளியிடுகிறது. தை பிறக்கும்போது யாழ்ப்பாணத்துக் கைபேசிகளிலும் இத்தகைய அட்டைகள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலானவை வேறு ஊருக்குத் தைத்த சட்டை. 'பெயரில் ஒரு நிறம் உள்ள புத்தகம்' என்று ஒரு கட்டம் கேட்கும். நிறத்தைத் தேடி ஒருவர் ஏன் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை.

அட்டை நல்ல யோசனைதான். ஆனால் ஆண்டைத் திட்டமிட்டுப் பழைய நூல்களைப் படிப்பது குடாநாட்டுக்குப் புதிதல்ல. இங்கே அது கோயில் மண்டபத்தில் நடந்தது. இன்றும் சில இடங்களில் நடக்கிறது. சிவராத்திரிக்குச் சிவராத்திரி புராணம். சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரபுத்திரனார் கதையும் கஞ்சியும். கார்த்திகையில் தொடங்கும் பெருங்கதை விரதத்தின் 21 நாளும் பிள்ளையார் கதை. மார்கழித் திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம். இவற்றில் இரண்டு, சிவராத்திரி புராணமும் பிள்ளையார் கதையும், சுன்னாகத்து வரத பண்டிதர் பாடியவை. உள்ளூர்க்காரர் எழுதிய நூல் உள்ளூர்ப் பஞ்சாங்கத்தில் ஏறி, ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் வாசிக்கப்படுகிறது. எந்தப் பதிப்பாளருக்கும் வாய்க்காத விற்பனைத் திட்டம் இது.

எல்லாவற்றுக்கும் தலையாய் நிற்பது கந்தபுராணம். கச்சியப்ப சிவாசாரியார் பாடிய 10,345 பாடல்கள், ஆறு காண்டங்கள். ஆண்டு முழுதும் பங்கிட்டால் நாளொன்றுக்கு 28 பாட்டுக்குச் சற்று மேலே வரும். தனியே உட்கார்ந்து படிக்கிறவர் உற்பத்திக் காண்டத்தைத் தாண்டுவதே பெரிய காரியம். புராணப் படிப்பில் அந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் வேலை இருவருக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். முதலில் முழுப் பாட்டு, பிறகு சொற்களைப் பிரித்துப் பிரித்து. பக்கத்தில் இருப்பவர் அந்தப் பிரிப்பைப் பிடித்துக்கொண்டு பயன், அதாவது பொருள், சொல்லுவார். ஒரு தொடர் முடியும்வரை வாசிப்பவர் காத்திருப்பார். பயன் சொல்பவர் தடுமாறினால் அதே அடியை இன்னொரு தரம் வாசித்து அவகாசம் கொடுப்பார். எதிரே தூணோடு சாய்ந்திருக்கும் கிழவர் ஒருவர், கண்ணை மூடியிருந்தாலும், பொருள் பிழைத்த இடத்தில் தொண்டையைச் செருமுவார். அந்தச் செருமலுக்குப் பயந்தே பலர் முதல்நாள் இரவு வீட்டில் படித்துவிட்டு வந்தார்கள்.

ஆறுமுக நாவலர் 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கிய வெள்ளிக்கிழமைப் பிரசங்கமும் இந்த மண்ணில்தான் வேர்விட்டது. கிழமை குறிக்கப்பட்டிருந்தது; இடம் குறிக்கப்பட்டிருந்தது; கேட்பவர்கள் வந்தார்கள். வாசிப்புத் திட்டத்துக்கு வேண்டியது இவ்வளவுதான். பிங்கோ அட்டையில் இல்லாததும் இதுதான். அட்டை என்ன படிப்பது என்று சொல்லும். யாரோடு, எந்த நாளில், எங்கே என்று சொல்லாது. அதனால்தான் மாசியில் இரண்டு கீறலோடு பெரும்பாலான அட்டைகள் நின்றுவிடுகின்றன.

அப்படியானால் பழைய முறைக்கே திரும்பிவிடலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். முடியாது, திரும்பவும் கூடாது. கோயில் பஞ்சாங்கம் ஒரு சாராரின் நூல்களைத்தான் வாசித்தது. சாதி சொல்லி ஊரில் ஒரு பகுதியினரை மண்டபத்துக்குள்ளேயே விடவில்லை. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் அதைத்தான் கேட்டது. யாழ்ப்பாணத்துப் பண்பாட்டுக்கு 'கந்தபுராண கலாசாரம்' என்று பெயர் சூட்டியவர் மட்டுவிலில் பிறந்த பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. அந்தக் கலாசாரத்தின் புறவாசலில் நின்றவர்களின் வாழ்க்கையை 'பஞ்சமர்' (1972) நாவலாக எழுதியவர் கே. டானியல். இருவரும் ஒரே ஆண்டில், 1986இல், மறைந்தார்கள். ஒருவரைப் படித்தவர் மற்றவரைப் படித்திருப்பது இன்றும் அரிதுதான். பண்டிதர் வீட்டு அலுமாரியில் டானியல் இருக்கமாட்டார். டானியலைக் கொண்டாடுகிறவர் கந்தபுராணத்தைத் தொட்டும் பார்த்திருக்கமாட்டார்.

பிங்கோ அட்டை உண்மையாகவே பயன்படும் இடம் இது. அதன் சட்டம் கறாரானது: வரிசை சேர வேண்டுமென்றால் பிடித்த கட்டத்தை மட்டும் அடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே யாழ்ப்பாண அட்டையைத் தயாரிப்பவர் முதலில் செய்ய வேண்டியது, கந்தபுராணத்தின் ஒரு படலத்தையும் 'பஞ்சமர்' நாவலையும் ஒரே வரிசையில் போடுவது. ஒன்றை விட்டுவிட்டு மற்றதால் வெல்ல முடியாதபடி.

மீதிக் கட்டங்களுக்குப் பஞ்சமில்லை. தவக்காலத்தில் கத்தோலிக்கக் கிராமங்களில் ஒலிக்கும் வியாகுலப் பிரசங்கத்துக்கு ஒரு கட்டம். கோவாவிலிருந்து வந்து 1742இல் இலங்கையிலேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் பாதிரியார் எழுதியதென்று போற்றப்படும் உரைநடை அது. யாழ்ப்பாணத்துப் பதுறுத்தீன் புலவரின் முகியித்தீன் புராணத்துக்கு ஒரு கட்டம். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் இலக்கியத்தைக் குடாநாடு மறந்த வேகத்தைப் பார்த்தால், இந்தக் கட்டத்தை அட்டையின் ஓரத்தில் ஒதுக்காமல் நடுவரிசையில் வைப்பதே நியாயம். தெல்லிப்பழை மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' 1914இல் வெளிவந்தது. ஈழத்துப் பெண் ஒருவர் எழுதிய முதல் நாவலென்று பரீட்சைக்கு மனனம் செய்தவர்கள் ஆயிரம் பேர், நாவலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? சிரிப்பதற்கு ஒரு கட்டம் வேண்டும்: அளவெட்டி மஹாகவியின் 'குறும்பா' (1966), அல்லது வண்ணார்பண்ணைத் தாசி ஒருத்தியைச் சுற்றிச் சுப்பையனார் பாடி, இன்று சில பாடல்களே மிஞ்சியுள்ள 'கனகி புராணம்'. கடலுக்கு, செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' (1973). நெடுந்தீவுக் கரையில் வாடி போடும் மீனவர்களின் அந்தக் கதை 1978இல் படமாகவும் வந்தது; படம் பார்த்தால் கட்டம் கிடையாது. பிள்ளைகளோடு சத்தம்போட்டுப் படிக்க, ஆடிக்கூழ் காய்ச்சும் நாளில், நவாலியூர் சோமசுந்தரப் புலவர்.

பதிப்பாசிரியருக்கும் ஒரு கட்டம் கொடுக்க வேண்டும். சிறுப்பிட்டி சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். அதற்கு முன், 1881இல், வீரசோழியத்தை. இலக்கண நூலை யார் படிப்பார் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு கதை இருக்கிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் கந்தபுராணம் அரங்கேறியபோது முதற்பாட்டின் புணர்ச்சிக்கே விதி எங்கே என்று புலவர்கள் மறித்தார்களாம். சோழநாட்டிலிருந்து ஒருவர் வீரசோழியத்தோடு வந்து விதியைக் காட்டினாராம். கர்ணபரம்பரைக் கதைதான். ஆனாலும் கோயிலில் படிக்கும் புராணத்தின் வாசலைத் திறந்ததாகச் சொல்லப்படும் இலக்கணத்தை அச்சில் தந்தவர் சிறுப்பிட்டிக்காரர் என்பதை அறிந்த பிறகு, இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஒரு பாதை தெரிகிறது. நிறத்தையும் பக்க எண்ணிக்கையையும் வைத்துப் போட்ட அட்டையில் அந்தப் பாதை கிடையாது.

பட்டியல் போட ஆளில்லை என்ற சாக்கும் செல்லாது. குரும்பசிட்டி இரசிகமணி கனக செந்திநாதனை 'நடமாடும் நூல்நிலையம்' என்று அழைத்த காலம் ஒன்று இருந்தது; அவருடைய 'ஈழத்து இலக்கிய வளர்ச்சி' (1964) நூலைப் புரட்டினாலே பத்து அட்டைகளுக்குப் போதும். நூல்கள் எங்கே என்பதுதான் நியாயமான கேள்வி. 1981 ஜூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது வீட்டு அலுமாரிகளில் விட்டுப்போனவற்றுக்குக் கணக்கே இல்லை. எஞ்சியவற்றில் பலவற்றை 2005 முதல் நூலகம் திட்டம் மின்வருடி, யாரும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் ஏற்றிவருகிறது. ஈழகேசரியும் மறுமலர்ச்சியும் மல்லிகையும் கைபேசியில் திறக்கின்ற காலம் இது.

பிங்கோவில் நடுக்கட்டத்தைச் சும்மா கொடுத்துவிடுவார்கள். இந்த அட்டையில் அது கூடாது. நடுக்கட்டம் படிப்பதற்கல்ல, தேடுவதற்கு: வீட்டுப் பெட்டியிலோ உறவினர் வீட்டுப் பரணிலோ கிடக்கும், இன்னும் மின்வருடப்படாத ஒரு பழைய நூலை, கல்வெட்டை, பாடசாலை மலரைக் கண்டெடுத்துக் கொடுத்தால்தான் கீறல். அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டுகளில்கூட ஊர்ப் புலவர்களின் வெண்பாக்கள் கிடக்கின்றன.

எத்தனை நூல்? 25உம் என்று ஆசைப்படுகிறவர் பதினைந்து நாளுக்கு ஒன்றாகப் படிக்க வேண்டும். ரியூசனுக்கும் வயலுக்கும் கந்தோருக்கும் நடுவே அது நடக்காது. நடந்தாலும் புரட்டிப்போட்டதாகத்தான் இருக்கும். ஒரு வரிசை போதும். ஆண்டுக்கு ஐந்து. மீதியைப் பக்கத்து வீட்டுக்காரர் அடிக்கட்டும். ஒரு சனசமூக நிலையத்தில் ஐந்து பேர் ஆளுக்கொரு வரிசை எடுத்தால் ஊருக்கு ஓர் அட்டை நிறைந்துவிடும்.

நாளும் இடமும் கையிலேயே இருக்கின்றன. நாட்டில் மாதந்தோறும் பௌர்ணமியன்று போயா விடுமுறை. கிராமத்துக்கு ஒரு வாசிகசாலை. காலையில் பத்திரிகை பார்க்க வருகிறவர்களும் வாங்கில்களும் மின்விசிறியும் ஏற்கெனவே அங்கு உண்டு. போயாவுக்குப் போயா ஒரு கட்டம், ஒருவர் வாசிக்க ஒருவர் பயன் சொல்ல, ஒன்றரை மணித்தியாலம். சித்திரா பௌர்ணமி என்றால் கதையும் கஞ்சியும் கோயிலிலேயே காத்திருக்கின்றன. ஒக்டோபரைத் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடி, பேச்சுப்போட்டி வைத்து, பரிசு கொடுத்து, நவம்பரில் கதவைச் சாத்துவதைவிட இது மலிவானது. ஒரேயொரு எச்சரிக்கை: இதற்குச் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கக் கூடாது. சான்றிதழ் வந்தால் புள்ளி வரும். புள்ளி வந்தால் பெற்றோர் வருவார்கள். அவர்களுக்குப் பின்னால், 'பஞ்சமர்' நாவலுக்கு இரண்டு பக்கக் குறிப்பு எழுதிப் போட்டோக்கொப்பி விற்கும் ரியூசன் மாஸ்ரரும் வருவார்.

கேட்டவருக்குக் கட்டம் உண்டா என்ற தகராறு கட்டாயம் எழும். உண்டு என்றுதான் விதி எழுத வேண்டும். எழுத்தறியாத கிழவிகள் சூரபன்மனின் குடும்ப வழியைத் தலைமுறை தலைமுறையாகச் சொன்னது கேட்டுத்தான். வாசித்தவருக்கு ஒன்று, பயன் சொன்னவருக்கு இரண்டு, பிழை பிடித்துச் செருமியவருக்கும் ஒன்று. இவ்வளவுக்கும் பிறகு நான்கு கட்டத்தோடு மார்கழிக்கு வந்து நிற்பவருக்காகத் திருவாதவூரடிகள் புராணத்தைக் கடைசி மூலையில் வைத்துவிடலாம். திருவெம்பாவைக்குக் கோயிலுக்குப் போகிறவர்தானே, பத்து நாள் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரட்டும்.