வலது கையை யார் பழக்குவது?

கடந்த மாதம் கொடிகாமத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி 'சின்ன மாமியே' பாட, அவளது அண்ணன் கிற்றார் வாசித்தான். கோர்ட் எனப்படும் சுரக்கூட்டுகளை அவனது இடது கை பிசகின்றிப் பிடித்தது. வலது கையோ இரண்டாம் அடியிலிருந்தே விரையத் தொடங்கிற்று. சிறுமி மூச்சு வாங்கித் தடுமாறினாள். "பிள்ளைக்குத் தாளம் காணாது" என்றார் அருகிலிருந்த ஒருவர். பிழை வாசித்தவனுடையது, பழியோ பாடியவள் தலையில் விழுந்தது.

நான் கிற்றார் வித்துவான் அல்லன். கச்சேரிகளைக் கேட்டும் அவைபற்றி எழுதியும் காலங் கழித்தவன். ஆயினும் ஒன்றை உறுதியாகக் கூறுவேன்: நம் இளைஞர் இடது கைக்கே பாடம் கேட்கின்றனர். இன்று ஒரு பாடலின் சுரக்கூட்டுகளைக் கைப்பேசியில் ஒரு நொடியில் தேடி எடுத்துவிடலாம். தாளத்தை அவ்வாறு எடுக்க இயலாது. அது மணிக்கட்டில் ஊற வேண்டும்.

இந்தக் கருவியை நாம் கொண்டாட்ட வீட்டுக் கருவியாகவே கண்டதுதான் இதற்குக் காரணம் என்பது என் கணிப்பு. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் வளர்த்த பொப்பிசையை 1970களில் வானொலியில் கேட்டு மகிழ்ந்தோம். அந்தத் துள்ளலுக்கும் ஒழுங்கான பயிற்சி உண்டென எண்ணவில்லை. வயலினும் ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் முதலானோர் அதில் நம் இசையை வாசித்தனர். பின்வந்தோர் சரளி வரிசையிலிருந்து அதனைப் பயிற்றுவித்தனர். அதனால் அது நமதாயிற்று. கிற்றாருக்கு அந்த மரியாதையை நாம் அளிக்கவில்லை.

அளிப்பதற்கு வேண்டியவை நம்மிடமே உள்ளன. பைலாத் தாளம் ஆறு எண்ணிக்கை கொண்டது. முதலாவதிலும் நான்காவதிலும் அழுத்தம் விழும். நம் காதுக்கு அது 'தகிட தகிட' என்னும் திஸ்ர நடை. முதலில் வாயாற் சொல்லுங்கள். பின்னர் இடது கை விரல்களைத் தந்திகள்மீது மெல்ல வைத்து, ஒலியை அடக்கி, வலது கையால் மட்டும் வருடுங்கள். முழங்கையை இறுக்காது மணிக்கட்டைத் தளர்த்துங்கள். நான்கு எண்ணிக்கைப் பாடலாயின் அடிதோறும் கை கீழே இறங்கும், இடையில் மேலேறும். தந்தியைத் தொடாத வேளையிலும் கை ஊஞ்சல்போல் அசைந்துகொண்டே இருத்தல் வேண்டும். கை நின்றால் தாளமும் நிற்கும்.

விரல்களால் தனித்தனியே மீட்டும் ஃபிங்கர்ஸ்டைல் முறைக்கு வீணையே சான்று. வீணையில் சுட்டுவிரலும் நடுவிரலும் இராகத்தை மீட்டுகையில், சிறுவிரல் மூன்று தாளத் தந்திகளைத் தீண்டுகிறது. கிற்றாரில் அப்பொறுப்பு பெருவிரலுக்குரியது: 6ஆம், 5ஆம், 4ஆம் தந்திகள் அதன் ஆட்சி. சுட்டுவிரலுக்கு 3, நடுவிரலுக்கு 2, மோதிரவிரலுக்கு 1. பெருவிரலை மட்டும் 6ஆம் 4ஆம் தந்திகளில் மாறி மாறி ஒரு கிழமை பழக்கிய பின்னரே மற்ற விரல்களைச் சேர்க்க வேண்டும். அமெரிக்காவின் கென்டக்கியில், நிலக்கரிச் சுரங்கப் பகுதியின் உள்ளூர்க் கலைஞர்களிடமிருந்து மெர்ல் ட்ராவிஸ் (1917–1983) கற்ற முறையும் இத்தகையதே. இன்று உலகெங்கும் அது அவர் பெயரால் வழங்குகிறது. ஊர்க் கலையும் ஒழுங்குபட்டால் உலகுக்குரியதாகும்.

மூன்று காலத்திலும் பழகுங்கள். முதற்காலம் பிசகின்றி வந்த பிறகே இரண்டாங்காலத்துக்குச் செல்லுங்கள். சுரக்கூட்டைத் தேடித் தரும் அதே கைப்பேசியில் உங்கள் வாசிப்பையும் பதிந்து கேளுங்கள். எங்கே ஓடினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

விருந்து முடிந்ததும் அந்த அண்ணனை அழைத்து, "தம்பி, தங்கச்சி பிழை விடேல்லை. உன்ர வலக்கைதான் ஓடிப்போட்டுது" என்றேன். முகம் சுருங்கிற்று. ஆயினும் நான் புறப்படும் வேளையில், பின்விறாந்தையில் சுரமின்றி, தாளம் மட்டும் கேட்டது. மெதுவாகத்தான் கேட்டது. மெதுவாகக் கேட்டதே எனக்குப் போதுமாயிருந்தது.