வீட்டு மொழியும் நாட்டு மொழியும்

ஆர்க்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ளது திமிரி என்னும் ஊர். பழைய கோட்டையால் வரலாற்றிற் பெயர் பெற்றது அது. 1751-ஆம் ஆண்டில் ஆர்க்காட்டைக் கைப்பற்றிய கிளைவு, திமிரியின்மீதும் படை செலுத்தினான். படைகள் வந்தன, போயின. ஆயின், அரசியலாலும் வாணிகத்தாலும் அவ்வட்டாரத்திற் குடிபுகுந்த மொழிகள் போகவில்லை. இன்றும் அங்குள்ள கடைத்தெருவிற் சற்று நேரம் நிற்பவர் செவியில் தமிழும் விழும், தெலுங்கும் விழும், உருதுவும் விழும். புளியின் விலையைத் தமிழிற் கேட்கும் அம்மையார், வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தம் மகளோடு தெலுங்கிற் கலந்து பேசுவார். கடைக்காரரோ தம் தம்பியை உருதுவில் அழைத்து நிறுத்துக் கொடுக்கச் சொல்வார். இதனை ஆங்கு வியப்பவர் எவரும் இலர்.

வியக்கத்தக்கது வேறொன்று. அவ்வம்மையாரை நோக்கி, "தங்களுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியுமோ?" என வினவினால், "பேச்சு மட்டுந்தான்" என்று விடை வரக்கூடும். வீட்டில் உருது பேசும் சிறுவர்களுள்ளும் அம்மொழியில் ஒரு வரி எழுத அறியாதார் உண்டு. மொழி நாவில் நிற்கின்றது, கையில் இல்லை. ஒரு மொழி தளரத் தொடங்கும்போது முதலில் நழுவுவது எழுத்தே. பின்னர்ச் சொற்கள் நழுவும். இறுதியில் பாட்டியிடம் பேசுவதற்கு மட்டும் உரிய மொழியாகி, பாட்டியோடு அதுவும் மறையும்.

இம்மொழிகள் வட ஆர்க்காட்டு மண்ணிற்குப் புதியன அல்ல. 1911-இற் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை, தெலுங்கு வழங்கும் பகுதிகள் பலவும் வட ஆர்க்காட்டு மாவட்டத்தினுள்ளேயே இருந்தன. ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்திற் பாரசீகம் அலுவலக மொழியாக விளங்கிற்று. வேலூரிற் பிறந்த பாக்கர் ஆகா என்னும் அறிஞர், அரபும் பாரசீகமும் துறைபோகக் கற்றவர். அவர் 18-ஆம் நூற்றாண்டில், பெண்களும் எளியோரும் உணர்ந்து கொள்ளுமாறு தக்கினி உருதுவிற் சமய நூல்கள் இயற்றினார். பாலாற்றங்கரையில் இராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் தொழில் வளர்ந்த ஊர்களில், வணிகர் பலர்க்கு உருது வீட்டு மொழியாயிற்று. வாணியம்பாடியில் 1919-இல் இசுலாமியாக் கல்லூரி எழுந்தது. இங்ஙனங் கூறுவதால், இசுலாமியர் அனைவருக்கும் உருதுவே தாய்மொழி என்று எவரும் எண்ணிவிடலாகாது. தமிழ்நாட்டு இசுலாமியருட் பெரும்பாலோர் தமிழரே. சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் பிறந்த மரபினர் அவர்.

தமிழும் இவ்வுறவாற் பெற்றது உண்டு. வரி செலுத்தச் செல்லும் உழவர் தாசில்தார், வசூல், பாக்கி, ஜமாபந்தி என்னும் சொற்களை நாடோறும் வழங்குகின்றார். அவை அரபு, பாரசீகச் சொற்கள் என்று அவருக்கு எவரும் கூறியதில்லை, கூறினும் நம்பார்!

இனி, பள்ளியின் நிலையைக் காண்போம். தமிழ்நாட்டில் 100 பேரில் 88 பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர் என்று 2011-ஆம் ஆண்டின் குடிமதிப்புக் காட்டுகின்றது. தெலுங்கர் ஏறத்தாழ 6 பேர். கன்னடம், உருது ஆகியவற்றைத் தாய்மொழியாக உடையோர் தனித்தனியே 2 பேருக்கும் குறைவு. மாநிலம் எதுவாயினும் இத்தகைய சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்கப் போதிய வசதி செய்ய அரசு முயல வேண்டும் என்பது, 1956-இல் அரசியலமைப்பிற் சேர்க்கப்பெற்ற 350-ஏ பிரிவின் கருத்து. ஒரு பள்ளியில் 40 மாணவரேனும் ஒரு வகுப்பில் 10 மாணவரேனும் இருப்பின் அவர்தம் மொழியிற் கற்பிக்க ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று, மாகாணக் கல்வி அமைச்சர்களின் மாநாடு 1949-இலேயே முடிவு செய்திருந்தது.

2006-ஆம் ஆண்டிற் தமிழ்நாடு அரசு தமிழ் கற்றற் சட்டத்தை இயற்றிற்று. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக உயர்ந்து, பத்தாம் வகுப்பு வரை எல்லா மாணவரும் தமிழைக் கட்டாயமாகக் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நேரியதே. தமிழ்நாட்டில் வாழ்பவன் தமிழ் எழுத்தை அறியானாயின், மருத்துவமனைப் பலகையும் நில ஆவணமும் தொழிற்சாலை அறிவிப்பும் அவனுக்கு வெறுங் கோடுகளே. பிறர் படித்துச் சொல்ல வாழ்வது அடிமை வாழ்வின் ஒரு கூறு. ஆதலின், உருதுப் பள்ளி மாணவன் தமிழ் கற்பது அவன்மீது சுமத்தப்பெறும் சுமையன்று, அவனுக்குரிய உரிமை.

ஆயினும், சட்டம் கூறியது ஒன்று. பள்ளிகளில் நிகழ்ந்தது மற்றொன்று. சிறுபான்மை மொழிப் பள்ளிகள் பலவற்றிற் தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியர் இலர் என்னும் முறையீடு எழுந்தது. தாய்மொழி விருப்பப் பாடமாக வைக்கப்பட்டது. பல ஆண்டுகள் அதன் மதிப்பெண் தேர்ச்சிக் கணக்கிற் சேரவில்லை. கணக்கிற் சேராத பாடத்தை எந்த மாணவன் விழித்திருந்து படிப்பான்? பத்தாம் வகுப்புத் தேர்வு நெருங்குந்தோறும் பெற்றோரும் பள்ளிகளும் நீதிமன்றத்தை நாடினர். தமிழ்த் தேர்விலிருந்து விலக்குப் பெற்றனர். 2023-ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுத் தேர்வுக்கும் விலக்கை நீட்டித்தது.

விலக்குப் பெற்ற மாணவன் அன்று மகிழ்ந்திருப்பான். ஆனால் அவன் பெற்றது யாது? பத்தாண்டுகள் ஒரு மாநிலத்திற் பயின்றும் அம்மாநில மொழியில் தேர்வெழுதாது வெளியேறினான். விலக்கு இல்லையெனிலோ, முறையாகக் கற்பிக்கப்பெறாத பாடத்தில் தோற்றிருப்பான். இரண்டில் எது நேரினும் குற்றம் அவனுடையதன்று. முதல் வகுப்பிலேயே நல்ல தமிழாசிரியர் ஒருவரை அனுப்பியிருந்தால், பத்தாம் வகுப்பில் வழக்கறிஞரைத் தேட வேண்டியிருந்திராது. தமிழைக் கட்டாயமாக்கிய கை, தாய்மொழித் தேர்வின் மதிப்பெண்ணையும் அன்றே கணக்கிற் சேர்த்திருக்க வேண்டும்.

"தமிழ்நாட்டில் தமிழ் போதாதோ? பிற மொழிகளுக்கு நாம் ஏன் பள்ளி நடத்த வேண்டும்?" என்று வினவுவோர் உளர். அவர் திமிரியிலிருந்து வடக்கு நோக்கிச் சற்றே பயணம் செய்து எல்லையைக் கடப்பாராக. சித்தூர்ப் பகுதியிலும் நகரியிலும் புத்தூரிலும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. 1960-இல் எல்லை திருத்தப்பெற்றபோது திருத்தணி இப்பாலும் வேறு சில ஊர்கள் அப்பாலும் சென்றன. கோடு மாறிய அன்று இரவு உறங்கியெழுந்தவர், நின்ற இடத்தில் நின்றவாறே சிறுபான்மையினர் ஆயினர். பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் தமிழ்க் குழந்தைகளுக்குத் தமிழாசிரியர் வேண்டும் என்று கேட்கும் தமிழர், திமிரியில் அதே கோரிக்கையைக் கேட்டு முகஞ்சுளிப்பது எந்த நீதி?

மொழிகளுள் கொடியது, நல்லது என்னும் பிரிவு இல்லை. 1952-ஆம் ஆண்டு பிப்பிரவரி 21-ஆம் நாள் டாக்கா நகரில் மாணவர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உருது ஒன்றே பாக்கித்தானத்தின் அரசு மொழி என்பதை எதிர்த்து, வங்காள மொழிக்கும் உரிமை வேண்டியதே அவர் செய்த குற்றம். அந்நாளையே உலகத் தாய்மொழி நாள் எனக் கொண்டாடுகின்றனர். அங்கே அரியணையில் அமர்த்தப்பெற்ற உருது, இங்கே ஆம்பூர்ப் பள்ளியில் ஓர் ஆசிரியருக்காகக் காத்து நிற்கின்றது. இங்கே ஆட்சிமொழியாகிய தமிழோ, 1956-இற் சிங்களம் மட்டுமே என்னும் சட்டம் வந்தபோது இலங்கையில் தன் உரிமைக்குப் போராடிற்று. மொழி அதுவே, நிற்கும் இடமே வேறு.

வேல்சு நாட்டில் 19-ஆம் நூற்றாண்டிற் தாய்மொழி பேசிய பள்ளிச் சிறுவரின் கழுத்தில் மரத்துண்டைத் தொங்கவிட்டு இழிவு செய்த காலம் ஒன்று இருந்தது. இன்று அங்கே அம்மொழிவழிப் பள்ளிகள் நடைபெறுகின்றன. அவற்றிற் பயில்வோர் ஆங்கிலத்தையும் செவ்வனே அறிவர்; ஒன்று மற்றொன்றைக் கெடுக்கவில்லை.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? திமிரிக்கு அணித்தாகிய வாலாசாப்பேட்டையில் வாழ்ந்த வேங்கடரமண பாகவதர், தியாகராசரின் மாணவர், சௌராட்டிர மொழியினர். அம்மொழிக்குத் தனி எழுத்து உண்டு. மதுரையைச் சார்ந்த இராமராய் என்பவர் பாட நூல்களை அச்சிட்டு அவ்வெழுத்தைப் பரப்ப அரும்பாடுபட்டார். ஆயினும், அதனைத் தொடர்ந்து கற்பிக்கும் பள்ளிகள் நிலைபெறவில்லை. இன்று வீடுகளிற் சௌராட்டிரம் ஒலிக்கின்றது. அவ்வெழுத்தைப் படிக்க வல்லாரோ மிகச் சிலர்.

திமிரி போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் மரப்பெட்டி ஒன்று இருப்பதுண்டு. அதனுள் தோல் மண்டிக் கணக்கேடும், மணஞ்செய்து கொடுத்த மகளுக்குப் பாட்டனார் உருதுவில் எழுதிய கடிதமும் கிடக்கலாம். பேரன் அக்கடிதத்தை எடுக்கின்றான். பேச்சில் அம்மொழியை அறிந்தவனாயினும் எழுத்தைப் படிக்க இயலவில்லை. பள்ளிவாசலை அடுத்து வாழும் முதியவர் ஒருவரிடம் எடுத்துச் செல்கின்றான். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுகின்றார். அவன் அருகில் அமர்ந்து, பாட்டனார் கூறிய உருதுச் சொற்களைத் தமிழ் எழுத்தால் தன் ஏட்டில் எழுதிக்கொள்கின்றான்.